காணாமல் போன காந்தாரம்: வீட்டு ஸ்டுடியோவில் பதிவான ஒரு கிட்டாரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

“ஹெட்போன்ல நல்லாருக்குண்ணா. போன்ல போட்டா பல்லவியில கிட்டாரே இல்ல. ஏதோ கீறுற மாதிரி சத்தம் மட்டும் வருது.” பதிந்த ஒலிகளைச் சமன்செய்து கலக்கும் மிக்ஸ் வேலையை முடித்து அனுப்பிய மறுநாள் காலையில் பாடகத் தம்பி சொன்ன இந்தச் சொற்களில் பிழை எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு அரை நாள் ஆயிற்று. முதலில் அவருடைய கைப்பேசியைக் குறை சொன்னேன். பிறகு என் கைப்பேசியில் கேட்டேன், வீட்டிலிருந்த ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டேன். இரண்டிலும் அவர் சொன்னதே நடந்தது. பல்லவியின் முதல் நான்கு ஆவர்த்தங்களில் கிட்டார் மெலிந்து, பிளெக்ட்ரம் என்ற மீட்டுத்தகடு தந்தியில் உரசும் ஒலி மட்டும் மிஞ்சியது. ஐந்தாம் ஆவர்த்தத்தில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறியவுடன் கிட்டார் ஓரளவு திரும்பி வந்தது. இப்படிக் கார்டுக்குக் கார்ட் வேறுபட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒலியளவு குறைவாக வைக்கப்பட்டிருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

பாடல் மூன்றரை நிமிடம் ஓடுவது. குரல், அக்கூஸ்டிக் கிட்டார், கஹோன் என்ற பெட்டி வடிவத் தாளக் கருவி, இடையிடையே எலக்ட்ரிக் கிட்டாரில் சிறு இணைப்புகள், அவ்வளவுதான். பேஸ் கிட்டார் கிடையாது. எனவே கீழ்ச்சுரங்களின் சுமை முழுவதையும் அக்கூஸ்டிக் கிட்டாரே தாங்க வேண்டியிருந்தது. ஈ மேஜர், ஏ மேஜர், பி7 என்ற மூன்று கார்டுகளில் பாடல் முழுதும் அடங்கிவிடும். கிளிக் வேகம் நிமிடத்துக்கு 84. பதிவு நடந்த இடம் திருச்சி உறையூரில் ஒரு வாடகை வீட்டின் மாடி அறை. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் பத்தடி. இந்த மூன்று அளவுகளுக்கும் பின்னால் ஒரு பங்கு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் பதிவில் நான் செய்தது இதுதான். ஒரு கண்டென்சர் மைக்கை வைத்து, கிட்டாரை ஒரே ஒரு முறை முழுப்பாடலுக்கும் வாசித்துப் பதிந்தேன். டேக் சுத்தமாக இருந்தது. ஆனால் நடுவில் ஒற்றை ட்ராக்காக நின்றபோது அது குரலோடு மோதியது. அதைப் பிரித்து அகலமாக்க வேண்டும் என்பதற்காக அந்த ட்ராக்கை நகலெடுத்து, அசலை முழுதாக இடப்புறமும் நகலை முழுதாக வலப்புறமும் ஒதுக்கி, நகலை மட்டும் 12 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினேன். ஹெட்போனில் கிட்டார் சட்டென்று இரண்டு பக்கமும் விரிந்து, நடுவில் குரலுக்கு இடம் விட்டது. வீட்டில் மிக்ஸ் செய்யும் பலருக்கும் பழக்கமான குறுக்குவழி இது. இதன் அடிப்படை 1949-இல் ஹெல்முட் ஹாஸ் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்த செவிப்புலன் இயல்பு. ஒரே ஒலி மிகக் குறுகிய இடைவெளியில் இரண்டு முறை வந்தால், காது அதை எதிரொலியாகப் பிரித்துக் கேட்காமல் ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொண்டு, முதலில் வந்த திசையையே அதன் திசையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஒலிகளும் இரண்டு காதுகளுக்குத் தனித்தனியே போகும் வரை இதில் சிக்கல் எழாது.

ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கருவியில் இடமும் வலமும் மின்சாரத்திலேயே கூட்டப்பட்டு ஒன்றாகிவிடுகின்றன. அங்கே காதுக்கு வேலையே இல்லை. அசலும் நகலும் கணக்காகக் கூடுகின்றன, அல்லது கணக்காகக் கழிகின்றன. எது கூடும், எது கழியும் என்பதை அந்த 12 மில்லிசெகண்டுதான் தீர்மானிக்கிறது.

சந்தேகத்தை உறுதி செய்ய இரண்டு சோதனைகள் போதுமாயிருந்தன. முதலாவதாக, மாஸ்டர் ட்ராக்கில், இடத்தையும் வலத்தையும் ஒன்றாகக் கூட்டும் மோனோ பொத்தானை அழுத்தினேன். ஸ்டுடியோ ஸ்பீக்கரிலேயே பல்லவியின் கிட்டார் மறைந்தது. எனவே கைப்பேசி நிரபராதி. இரண்டாவதாக, 12 மில்லிசெகண்ட் தாமதத்தை நீக்கிவிட்டு, நகலின் அலையை மட்டும் தலைகீழாகத் திருப்பி மோனோவில் கேட்டேன், முழு மௌனம். இரண்டு ட்ராக்குகளும் துளியும் வேறுபாடு இல்லாத ஒரே பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. நான் வைத்திருந்தது இரண்டு கிட்டார்கள் அல்ல, ஒரு கிட்டாரும் அதன் நிழலும்.

பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் சுவையாக இருந்த பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பல்லவியின் முதல் நான்கு ஆவர்த்தங்களில் வரும், திறந்த நிலையில் பிடிக்கும் ஈ மேஜர் கார்டில் ஆறு தந்திகளும் ஒலிக்கின்றன. ஈ-யை ஷட்ஜமமாகக் கொண்டால் கீழிருந்து மேலாக ஷட்ஜமம், பஞ்சமம், ஷட்ஜமம், காந்தாரம், பஞ்சமம், ஷட்ஜமம் என்று அவை அமைகின்றன. ஆறு தந்திகளில் காந்தாரம் ஒன்றே ஒன்று; மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில், ஏறத்தாழ 207.7 ஹெர்ட்ஸில் அது ஒலிக்கிறது. மேஜர் கார்ட் என்ற அடையாளத்தைத் தருவது அந்த ஒற்றை அந்தர காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தம்பூரா மீட்டியது போன்ற ச-ப கூட்டு. இப்போது 12 மில்லிசெகண்டைப் பொருத்திப் பாருங்கள். மிகக் கீழே உள்ள ஷட்ஜமத்தின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ், அதன் ஓர் அலை முடிய 12.1 மில்லிசெகண்ட் ஆகிறது. எனவே 12 மில்லிசெகண்ட் தாமதித்து வரும் நகல் ஏறக்குறைய ஒரு முழு அலை பிந்தி வருகிறது. முகடு முகட்டோடு சேர்கிறது. ஷட்ஜமம் குறையவே இல்லை. காந்தாரத்தின் ஓர் அலைக்கு 4.8 மில்லிசெகண்ட்தான். 12 மில்லிசெகண்டில் அது இரண்டரை முறை அதிர்ந்துவிடுகிறது. அந்த அரை அலைதான் வினை. அசலின் முகட்டில் நகலின் பள்ளம் வந்து விழுகிறது. கணக்குப்படி முழுக் கூட்டலோடு ஒப்பிட்டால் 32 டெசிபல் வீழ்ச்சி, அதாவது அலையின் வீச்சில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே மிஞ்சும். ஐந்தாம் தந்தியின் பஞ்சமத்துக்கும், அதாவது 123.5 ஹெர்ட்ஸுக்கும், இதே கதிதான். ஒன்றரை அலை பிந்தி, 25 டெசிபல் அளவுக்கு விழுகிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. பல கைப்பேசி ஸ்பீக்கர்கள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிகவும் பலவீனமானவை. அப்படியானால் 208 ஹெர்ட்ஸ் இருந்தாலென்ன, போனாலென்ன? காதின் இன்னொரு இயல்பு இதற்கு விடை தருகிறது. ஒரு சுரத்தின் அடிப்படை அதிர்வெண் ஒலிக்காவிட்டாலும், அதன் இரட்டிப்பு, மும்மடங்கு, நான்மடங்கு ஆகிய மேலதிர்வுகள் ஒலித்தால், அவற்றின் இடைவெளியை வைத்தே காது அந்தச் சுரத்தை ஊகித்துவிடும். கைப்பேசியில் நாம் கிட்டாரின் கீழ்த்தந்திகளைக் கேட்பதாக நினைப்பதே இந்த ஊகத்தால்தான். ஆனால் அரை அலை பிந்திய அதிர்வின் மும்மடங்கும் அரை அலையில்தான் முடிகிறது. ஐந்து மடங்கும் அப்படியே. எனவே காந்தாரத்தின் 623 ஹெர்ட்ஸும் 1038 ஹெர்ட்ஸும் சேர்ந்தே அடிபடுகின்றன. 415, 831 என்ற இரட்டை மடங்குகள் மட்டும் பிழைக்கின்றன. அவற்றின் இடைவெளி 415. ஆகவே காது ஊகிப்பது ஒரு ஸ்தாயி மேலே உள்ள மெல்லிய காந்தாரத்தை. அதுவும் கீழ் ஷட்ஜமத்தின் ஐந்து மடங்கு மேலதிர்வான 412 ஹெர்ட்ஸோடு ஒட்டிக்கொண்டு தனித்து நிற்காமல் போகிறது.

கீறல் ஒலிக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு அடியின் முதல் 12 மில்லிசெகண்டில் நகல் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. பிளெக்ட்ரம் தந்தியைத் தொடும் அந்தக் கணம் கழிபடாமல் தப்பிவிடுகிறது. அதன் பின்னால் வரவேண்டிய நாதம் கழிந்துபோகிறது. தம்பி சொன்னது எவ்வளவு துல்லியம் என்று அப்போதுதான் புரிந்தது. ஐந்தாம் ஆவர்த்தத்தில் வரும் ஏ மேஜரில் 110, 220, 277 ஹெர்ட்ஸ் சுரங்கள் அரை அலையிலும் விழாமல் முழு அலையிலும் விழாமல் இடையில் விழுகின்றன. அவை ஐந்து முதல் ஏழரை டெசிபல் வரைதான் இறங்குகின்றன. அதனால்தான் கிட்டார் அங்கே திரும்பி வந்தது போலத் தோன்றியது.

தாமதத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்ற ஆசை எனக்கும் வந்தது. 17 மில்லிசெகண்ட் வைத்துப் பார்த்தேன். காந்தாரம் அப்போதும் 20 டெசிபல் கீழே கிடந்தது. கூடவே இதுவரை தப்பியிருந்த கீழ் ஷட்ஜமமும் 10 டெசிபல் இறங்கிவிட்டது. எந்த எண்ணை வைத்தாலும் ஏதாவது சில சுரங்கள் பலியாகியே தீரும். எவை பலியாக வேண்டும் என்பதை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்க முடியும். நகலை 6 டெசிபல் குறைத்தால் கழிவு முழுமையடையாது என்பது உண்மை. ஆனால் அப்போது கிட்டார் இடப்புறம் சாய்ந்துவிடுகிறது. எதற்காக இதைத் தொடங்கினோமோ அந்த நோக்கமே போய்விடுகிறது.

ஆக, மீண்டும் வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடமும் மற்றதை வலமும் வைக்க வேண்டும். இப்படி வாசித்தே அடுக்குவது வீட்டுப் பதிவின் வயதையே கொண்ட பழைய வழி. 1948-இல் வெளிவந்த ‘லவர்’ இசைத்தட்டுக்காக அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கராஜில் இசைத்தட்டு வெட்டும் இயந்திரங்களைக் கொண்டு எட்டுக் கிட்டார் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தபோது, எட்டையும் அவரே வாசித்தார். 1966-இல் லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவில் ஒலிப் பொறியாளர் கென் டவுன்ஸெண்ட் இரண்டாம் முறை பாடும் வேலையை மிச்சப்படுத்த டேப் மூலம் தானியங்கி இரட்டிப்பை உருவாக்கினார். அதில் கூட டேப்பின் வேகம் சற்றே ஏற்றி இறக்கப்பட்டதால் தாமதம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. என் நகலோ ஆணி அடித்தது போல 12-இல் நின்றது.

மறுபதிவுக்கு முன் ஒரு முடிவு எடுத்தேன். இரண்டாவது கிட்டாரை அதே பிடியில் வாசிக்காமல், இரண்டாம் ஃப்ரெட்டில் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ கவ்வியைப் போட்டு, டி, ஜி, ஏ7 வடிவங்களில் பிடிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒலிப்பது அதே ஈ, ஏ, பி7 தான். ஆனால் சுரங்களின் அடுக்கு வேறு. டி வடிவத்தில் காந்தாரம் முதல் தந்தியில், 415 ஹெர்ட்ஸில் தலைமேல் நிற்கிறது. இடப்புறக் கிட்டார் அடித்தளத்தையும் வலப்புறக் கிட்டார் மினுக்கத்தையும் பகிர்ந்துகொண்டால், இரண்டுக்கும் இடையே உரசல் குறையும் என்பது கணக்கு. இது பலித்தது என்றே சொல்ல வேண்டும்.

பலிக்காதது அறை. முதல் டேக்கைப் பதிந்து கேட்டபோது ஏ மேஜர் வரும் ஒவ்வொரு முறையும் ஐந்தாம் தந்தி பானைக்குள் பேசுவது போல் கும்மென்று முழங்கியது. பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்த்தேன். அங்கே 110 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் வெட்டு ஒன்று, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் இருந்தது. முழக்கத்தை அன்றே கேட்டு, ஏன் என்று கேட்காமல் வெட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இம்முறை காரணத்தைத் தேடினேன். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். பத்தடி என்பது 3.05 மீட்டர். இரண்டு இணைச்சுவர்களுக்கு இடையே நிலையலை உருவாகும் அதிர்வெண்கள் 57 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸ் என்று போகின்றன. சாதாரண அறையில் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இவை சிதறிக் கிடக்கும். கனசதுர அறையிலோ மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கின்றன. 57 ஹெர்ட்ஸில் கிட்டாருக்குச் சுரமே இல்லை. 114 ஹெர்ட்ஸோ ஐந்தாம் தந்தியான 110-க்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது. அத்துடன் கிட்டாரின் உடற்குழிக்குள் இருக்கும் காற்றே 100 ஹெர்ட்ஸ் அருகில் தனக்கென ஓர் அதிர்வைக் கொண்டது. இரண்டும் கைகோத்துக்கொண்டன.

நான் உட்கார்ந்திருந்த இடம் அறையின் நட்டநடு, பாயில். 114 ஹெர்ட்ஸ் நிலையலையின் அழுத்தம் சுவரோரத்திலும் நடுவிலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து கால் பங்குத் தொலைவில், அதாவது இரண்டரை அடியில், ஏறக்குறைய இல்லாமல் போகும். எனவே பாயை விட்டு எழுந்து, கைப்பிடியில்லாத மர நாற்காலி ஒன்றைப் பக்கத்துச் சுவர்கள் இரண்டிலிருந்தும் இரண்டரை அடி தள்ளிப் போட்டேன். நாற்காலியில் அமர்ந்தால் கிட்டாரின் துளையும் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. மைக்கை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக ஒரு சாண் அளவு தள்ளி, துளையைப் பார்க்காமல் கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்துத் திருப்பினேன். முழக்கம் பெருமளவு அடங்கியது. காசு செலவில்லாத இந்த நாற்காலி மாற்றம், நான் அதுவரை சுவரில் ஒட்டி வைத்திருந்த அத்தனை பொருள்களையும் விட அதிகம் செய்தது.

அந்தப் பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டியிருந்தேன். அவை இந்த அதிர்வெண்ணைத் தொடக்கூட இல்லை. 114 ஹெர்ட்ஸ் அலையின் கால் நீளமே இரண்டரை அடி எனும்போது, ஓர் அங்குல அட்டையும் நாலங்குல இலவம்பஞ்சு மெத்தையும் அதை என்ன செய்துவிட முடியும்? மெத்தையை மட்டும் கிட்டாருக்கு எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டேன். மேற்சுரங்கள் வெறும் சுவரில் பட்டுத் தெறிப்பதை அது குறைக்கிறது. அறையிலிருந்த இரும்பு பீரோ ஏ மேஜருக்கெல்லாம் கூடவே அதிர்ந்துகொண்டிருந்ததும் அன்றுதான் தெரிந்தது. கதவிடுக்கில் ஒரு பழைய வேட்டியை மடித்துச் செருகியதும் அது அடங்கிற்று.

பதிவு இரவு பதினொன்றுக்கு மேல் நடந்தது. மின்விசிறியை நிறுத்தித்தான் வாசிக்க வேண்டும். அறை சூடேற ஏறத் தந்திகள் சுருதி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதி சேர்த்தேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். இடப்புறத்துக்கு ஒன்பதாம் டேக்கும் வலப்புறத்துக்குப் பதின்மூன்றாம் டேக்கும் தேறின. இரண்டுக்கும் இடையே சில அடிகளில் இருபது மில்லிசெகண்ட் வரை முன்பின் இருந்தது. அதைத் திருத்தவில்லை. முப்பதைத் தாண்டி இரட்டைத் தட்டாகக் கேட்ட மூன்று இடங்களை மட்டும் வெட்டி நகர்த்தினேன். முன்பின் வேறுபாடு அடிக்கு அடி மாறிக்கொண்டே இருப்பதால் எந்தச் சுரமும் தொடர்ந்து கழிபடுவதில்லை.

எலக்ட்ரிக் கிட்டாரின் கதை சுருக்கமானது. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார் என்பதால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் அதன் மடங்குகளும் முதல் பதிவிலேயே அடியில் ஓடின. தந்தியைத் தொட்டால் குறைந்தது, கையை எடுத்தால் கூடியது. எர்த் சரியில்லையோ என்ற சந்தேகம் வந்தது. எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது எர்த் ஒயர் எதிலும் மாட்டப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை இணைத்த பிறகும் மீதமிருந்த இரைச்சலுக்கு, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டியதும், இரைச்சல் மிகக் குறைவாகக் கேட்கும் திசையில் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்ததும் போதுமாயின. கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்த மறந்து லைன் இன்புட்டிலேயே பழைய இணைப்புகளைப் பதிந்திருந்ததும் தெரியவந்தது. பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவு மின்தடை எதிரே இருந்தால்தான் மேற்சுரங்கள் வெளியே வரும். லைன் இன்புட் அவற்றை விழுங்கிவிடுகிறது. அந்த மங்கலை நான் ‘வார்ம் டோன்’ என்று நினைத்து ரசித்திருக்கிறேன்.

மிக்ஸிங்கில் இம்முறை மோனோ பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டே தொடங்கினேன். நடுவில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் நிலையில் குரலும் இரண்டு கிட்டார்களும் பிரிந்து கேட்கும்படி செய்துவிட்டால், பிறகு விரிப்பது எளிது. பேஸ் கிட்டார் இல்லாததால் இடப்புறக் கிட்டாரின் அடித்தளத்தில் கை வைக்கவில்லை. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வடிகட்டினேன், ஷட்ஜமம் 82-இல் இருப்பதால் அது பெரிதாகப் பாதிக்கப்படாது. வலப்புறக் கிட்டாரில் வடிகட்டியை 130 வரை உயர்த்தினேன். பழைய 6 டெசிபல் வெட்டுக்குப் பதில் 110-இல் 2 டெசிபல் போதுமாயிருந்தது. குரலின் சொல் தெளிவு தங்கும் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டு கிட்டார்களையும் 2 டெசிபல் தாழ்த்தினேன். உரத்த இடங்களைத் தாழ்த்தும் கம்ப்ரசரை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், அடியின் முனை நசுங்காதபடி 30 மில்லிசெகண்ட் அட்டாக்கோடு வைத்து, உச்சங்களில் மூன்று டெசிபலுக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். கடைசியாக மோனோவை விடுவித்து, கிட்டார்களை முழு ஓரத்துக்குத் தள்ளாமல் இருபுறமும் எழுபது சதவீதம் ஒதுக்கினேன். நகல் தந்திரம் கொடுத்த அளவுக்கு இது அகலமாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால், முதல் சில நொடிகளுக்குப் பழைய மிக்ஸே கவர்ச்சியாகத் தெரிகிறது.

புதிய மிக்ஸை மோனோவில் போட்டபோது பல்லவியின் முதல் நான்கு ஆவர்த்தங்கள் மற்ற இடங்களோடு சமமாக நின்றன. காந்தாரம் இருந்தது. அதே கைப்பேசியில் கேட்கச் சொல்லித் தம்பிக்கு அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: “கிட்டார் சூப்பரா கேக்குதுண்ணா. ஆனா இப்ப என் வாய்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு.” சரிதான், கிட்டார் இல்லாத கைப்பேசி மிக்ஸில் கேட்டுப் பழகிய குரல் அது. குரலை ஒரு டெசிபல் உயர்த்தி, மீண்டும் அனுப்பிவைத்தேன்.